குடியிருப்பு வருகிறது, கூடவே என்ன வரவேண்டும்? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலைக்கு வரைபடம் கீறாத ஆட்சி இல்லை. 2017 அளவில் சிங்கப்பூரின் சுர்பானா ஜூரோங் நிறுவனத்தைக் கொண்டு பெருந்திட்டம் ஒன்றை வரையத் தொடங்கினார்கள். 2022 ஜனவரியில் இங்குள்ள சீனன்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பங்கிட்டார்கள்: 24 அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஒயிலின் துணை நிறுவனமான லங்கா ஐஓசிக்கு, 61 இவ்விரண்டின் கூட்டு நிறுவனத்துக்கு. 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் இங்கே எரிசக்தி மையம் அமைக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. தொழில் வந்தால் ஆள் வரும், ஆள் வந்தால் வீடு வரும், வீடு கட்டப் பழைய குடியிருப்புகளைக் கிளப்புவார்கள். அந்த நேரத்தில் எதைக் கேட்பது, எப்போது கேட்பது என்று ஊர்க்கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

சமூக உட்கட்டமைப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு மனிதருக்குப் பிறப்பிலிருந்து அடக்கம் வரை தேவைப்படும் பொது இடங்களையும், அந்த இடங்களை நடத்தும் ஆட்களையும். முன்பள்ளி, பாடசாலை, தாய்சேய் கிளினிக், சந்தை, வாசிகசாலை, விளையாட்டுத் திடல், சனசமூக நிலையம், கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம், மயானம், முஸ்லிம்களின் மையவாடி, கிறிஸ்தவர்களின் சேமக்காலை. கடற்றொழில் ஊரென்றால் வலையும் எஞ்சினும் வைக்கும் கொட்டிலான வாடியும், வள்ளம் இழுத்து வைக்கும் கரையும் சேரும்.

கட்டடமே இல்லாதவையும் உண்டு. மரண உதவிச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், பத்துப் பேர் சேர்ந்து பிடிக்கும் சீட்டு. இவை எந்த வரைபடத்திலும் நிறம் தீட்டிக் காட்டப்படுவதில்லை. ஒரு வட்டாரத்தைக் கலைத்து நாலு இடத்தில் குடியேற்றினால் முதலில் உடைவது இவைதான். புதுக் கட்டடம் கட்டிக் கொடுத்து இவற்றைத் திரும்பப் பெற முடியாது.

வீதியும் தண்ணீரும் மின்சாரமும் வந்துவிட்டால் மிச்சம் தானாக வராதா?

வராது. யார் எதற்குப் பொறுப்பு என்று பார்த்தாலே விளங்கும். நகர அபிவிருத்தி அதிகார சபை 1978 இன் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்திய அரசின் நிறுவனம். வீட்டைக் கட்டுவது அது. குடிநீர் வடிகாலமைப்புச் சபையும் மின்சாரமும் மத்திதான். ஆனால் 1987 இன் 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலான பாடசாலைகளும் ஆரம்ப சுகாதாரமும் மாகாணத்தின் கையில். வாசிகசாலை, பூங்கா, மயானம், குப்பை உள்ளூராட்சி மன்றத்தின் கையில். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை, ஆளுநரின் கீழ் ஓடுகிறது. ஆக, கொழும்பில் ஒருவர் ஆயிரம் வீடு கட்ட ஒப்பமிடும்போது, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் தேட வேண்டியவர் அந்த மேசையில் இருப்பதே இல்லை.

இதில் எல்லாரும் மறக்கும் சொல் ஆளணி, அதாவது சம்பளத்தோடு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள். வகுப்பறைக் கட்டடத்தை ஒரு வருடத்தில் எழுப்பலாம். அதற்குள் நிற்க வேண்டிய ஆசிரியருக்கு ஆளணி அனுமதி, நியமனம், இடமாற்றம் எல்லாம் வேறொரு பாதையில், வேறொரு வேகத்தில் நகரும். திறப்பு விழாவில் நாடா வெட்டிய வருடம் ஒன்று, முதல் பாடம் நடந்த வருடம் இன்னொன்று என்று ஆவது இப்படித்தான். அதனால் திட்டக் கூட்டத்தில் ‘எத்தனை கட்டடம்’ என்று கேட்பதைவிட ‘எத்தனை ஆளணி, யார் சம்பளம், எந்த மாதத்திலிருந்து’ என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் அந்த மண்டபத்தில் இல்லையென்றால், அவர் இருக்கும் நாளில் கூட்டத்தை வைக்கச் சொல்லுங்கள்.

பௌதிக வேலையிலேயே வரிசை பிழைத்தால் என்ன நடக்கும் என்பதை இந்த மாவட்டத்துக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. 2009 இல் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறந்தபோது பாதைப்படகுக் காலம் முடிந்தது என்று மகிழ்ந்தோம். அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில் புதுப் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருக்க, மாற்றுவழியாக ஓடிய இழுவைப் படகு 2021 நவம்பர் 23 காலையில் கவிழ்ந்தது. இறந்தவர்களில் பாடசாலைப் பிள்ளைகள் இருந்தார்கள். பாலம் திட்டத்தில் இருந்தது, காசும் ஒதுக்கியாயிற்று. வேலை முடியும்வரை பிள்ளைகள் எப்படிப் பாடசாலைக்குப் போவார்கள் என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை.

ஆயிரம் குடும்பங்கள் வந்தால் எவ்வளவு தேவைப்படும்? ஒரு கணக்குச் சொல்லுங்கள்.

குடும்பத்துக்கு நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம்: 4,000 பேர்.

இலங்கையில் குடும்ப நல உத்தியோகத்தர் (ஊர் மருத்துவிச்சி) ஒருவருக்கு ஏறத்தாழ 3,000 பேர் என்பது நெடுங்கால அளவுகோல். அப்படியென்றால் ஒருவர் போதாது, இருவர் வேண்டும். அவர்கள் நிறுத்துப் பார்க்கும் தராசும், ஊசி போடும் அறையும், தாய்மார் குந்தியிருக்க நிழலும் வேண்டும். ஏற்கெனவே அந்தப் பகுதியைப் பார்க்கும் உத்தியோகத்தரின் தலையில் 4,000 பேரையும் ஏற்றிவிடுவதுதான் வழமை.

பிள்ளைகள்: ஒவ்வொரு வயதிலும் எழுபது பேரளவில் இருப்பார்கள் என்று எடுத்தால், முதலாம் ஆண்டுக்கு இரண்டு வகுப்பு. ஐந்தாம் ஆண்டு வரை பத்து வகுப்பறை. ஆனால் எங்கள் ஊரில் இந்தக் கணக்கு இத்துடன் நிற்காது. அந்த எழுபதில் எத்தனை பேர் தமிழ்மொழி மூலம், எத்தனை பேர் சிங்களமொழி மூலம்? தமிழ்மொழி மூலத்துக்குள்ளேயே முஸ்லிம் பாடசாலை தேடும் பெற்றோர் எத்தனை? குடியேறப் போகிறவர் யார் என்று தெரியாமல் வகுப்பறை எண்ணிக்கை சொல்கிறவரை நம்பாதீர்கள். அத்தோடு, புதுக் குடியிருப்பில் இளங்குடும்பங்களே கூடுதலாக வரும். முதல் பத்து வருடம் முன்பள்ளியும் ஆரம்ப வகுப்பும் பிதுங்கும். பிறகு அதே பிள்ளைகள் வளர்ந்து உயர்தர வகுப்பு, தொழிற்பயிற்சி, மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடம் என்று வேறு தேவைகளோடு நிற்பார்கள். சுவரை நகர்த்தி வேறு வேலைக்கு மாற்றக்கூடிய கட்டடம்தான் கெட்டிக்காரத்தனம்.

மரணம்: ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஆறு ஏழு என்ற தேசிய அளவில் பார்த்தால் 4,000 பேருக்கு வருடம் 24 முதல் 28. மாதம் இரண்டு மரண வீடு. இதை எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் கண்டதில்லை. பிள்ளைப்பேறு கணக்கில் வரும், பாடை கணக்கில் வராது.

இவை எல்லாம் தொடக்கக் கணக்குத்தான். இந்தியாவின் நகரத் திட்ட வழிகாட்டி 5,000 பேருக்கு ஓர் ஆரம்பப் பாடசாலை என்கிறது, அதுவும் தொடக்கம்தான். தலைக்கு இத்தனை என்று பெருக்கி வரும் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு ஊருக்குள் இறங்கி நடந்து சரிபார்க்க வேண்டும்.

பக்கத்திலேயே நல்ல பாடசாலைகள் இருக்கின்றனவே. புதிதாக ஏன்?

இருப்பது வேறு, இடம் கிடைப்பது வேறு. நகருக்குள் இருக்கும் பெயர்போன பாடசாலைகளுக்கு முதலாம் ஆண்டு அனுமதி எப்படி நடக்கிறது என்று பெற்றோருக்குத் தெரியும். இடங்களில் பாதி, அருகில் வசிப்போர் பிரிவுக்கு. அருகில் வசிக்கிறீர்கள் என்பதற்குக் காணி உறுதி, மின்பட்டியல், முந்தைய ஐந்து வருட வாக்காளர் இடாப்பு என்று புள்ளி போடுவார்கள். அரசாங்கமே உங்களைக் கிளப்பிப் புது வீட்டில் வைத்தால், அந்தப் புது முகவரியில் ஐந்து வருட இடாப்புக்கு எங்கே போவது? உறுதியும் உடனே கையில் வராது. ஆக, பாடசாலை மதிலுக்குப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டே பிள்ளைக்குப் புள்ளி குறையும்.

இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு. இடம்பெயர்த்தப்படும் குடும்பங்களின் பழைய முகவரிக் காலத்தையும் சேர்த்து எண்ணும்படி, குடியேற்றத்துக்கு முன்னரே கல்வி அமைச்சிடமும் வலயக் கல்விப் பணிமனையிடமும் எழுத்தில் ஏற்பாடு செய்யக் கேளுங்கள். வீடு தந்த பிறகு கேட்டால், சுற்றுநிருபத்தில் இல்லை என்ற பதிலே வரும்.

எல்லாச் சமூகத்துக்கும் பொதுவாக ஒரு பெரிய பொதுநோக்கு மண்டபம் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் அதை முதலில் கேட்காதீர்கள்.

பொதுநோக்கு மண்டபம் அரசியல்வாதிக்கும் ஒப்பந்தகாரருக்கும் பிடித்தமான கட்டடம். ஒரு வருட ஒதுக்கீட்டில் முடிந்துவிடும், பெயர்க்கல் பதிக்கலாம், படத்துக்கு நன்றாக இருக்கும். மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்: இழுகதவில் துருப்பிடித்த பூட்டு, விறாந்தையில் ஆடு, சுவரில் நிதி தந்தவரின் இலச்சினை வெயிலில் வெளிறிப்போய். உள்ளே அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகளை யாராவது வாடகைக்குக் கேட்டால், திறப்பு யாரிடம் என்று விசாரிக்கவே அரை நாள் போகும். தலைவர் மாறினால் திறப்பும் மாறும். மின்பட்டியல் கட்டாமல் இணைப்பு வெட்டியிருப்பார்கள். மலசலகூடத்துக்குத் தண்ணீர் வராது, ஆகவே பெண்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

கட்டடத்தில் குறையில்லை. திறப்பு, மின்பட்டியல், தும்புத்தடி மூன்றும் யார் கையில் என்று அத்திவாரம் வெட்டுமுன் தீர்மானிக்காததுதான் குறை. அத்திவாரக் கல்லுக்கு முன்னால் ஒரு தாள் எழுதப்பட வேண்டும்: யார் நடத்துவது, வாரத்தில் எந்த நேரம் யாருக்கு, வாடகை எவ்வளவு, ஐந்தாம் வருடம் கூரை ஒழுகினால் யார் காசு. சனசமூக நிலையம் ஒன்று ஏற்கெனவே பதிவோடும் கணக்கோடும் ஓடுகிறதென்றால், புது மண்டபத்தைவிட அதற்கு இரண்டு அறை கூட்டிக் கொடுப்பது நூறு பங்கு மேல். பழைய வாசிகசாலையில் பத்திரிகை வாசிக்க வரும் நாலு கிழவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் அந்தக் கட்டடத்தின் காவல்.

மூன்று சமூகமும் சேர்ந்து பயன்படுத்த வேண்டும் என்றால், மண்டபத்தைவிடக் கிளினிக்கும் சந்தையும் விளையாட்டுத் திடலும் அதைச் சத்தமில்லாமல் செய்துவிடும். அங்கே ஒருவர் மற்றவரின் நிகழ்ச்சிக்குப் போக வேண்டியதில்லை. தத்தம் வேலைக்காகப் போய், ஒரே வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். மயானமும் மையவாடியும் சேமக்காலையும் மட்டும் தனித்தனியேதான் வேண்டும், அதில் பொதுமை தேடிப் பிரயோசனமில்லை.

தொடர்மாடி தருவோம் என்கிறார்கள். அதில் என்ன பிரச்சினை?

தொடர்மாடியே கூடாது என்பதில்லை. கொழும்பில் நடந்ததைப் பார்த்துவிட்டு ஒப்பமிடுங்கள். 2001 இல் திறந்த சகஸ்புர என்ற தொடர்மாடி 671 வீடுகளோடு முன்னோடியாக வந்தது. 2010க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை பல்லாயிரம் குடும்பங்களை உயர்ந்த கட்டடங்களுக்கு மாற்றியது. கல் வீடும் உள்ளே கழிப்பறையும் கிடைத்தது உண்மை, அதைச் சின்ன விடயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அங்கே போன பலரின் முறைப்பாடுகளும் ஒன்றையொன்று ஒத்தவை: லிஃப்ட் பழுதானால் முதியவர்கள் வீட்டுச் சிறை, பிள்ளை விளையாட நடைகூடம் மட்டும், வீட்டு வாசலில் நடந்த இடியப்பக் கடையும் மரக்கறித் தட்டும் எட்டாம் மாடியில் செத்துப்போயின, மாதாமாதம் கட்டவேண்டிய காசு மட்டும் கூடியது.

மரண வீட்டை நினைத்துப் பாருங்கள். சாதாரண லிஃப்டில் ஆறடிப் பெட்டி படுக்கையாகப் போகாது. படிக்கட்டின் திருப்பத்தில் பெட்டியைச் சரித்துத்தான் இறக்க வேண்டும். கூடாரம் போட முற்றமில்லை. வருகிறவர்களுக்குக் கதிரை போட வாகனத் தரிப்பிடத்தைக் கேட்டால் பக்கத்து வீட்டாருடன் சண்டை. மாதம் இரண்டு மரணம் என்ற கணக்கை இங்கே நினைவில் வையுங்கள். ஸ்ட்ரெச்சர் போகக்கூடிய அளவில் லிஃப்ட், அகலமான படி, நிலத்தளத்தில் திறந்த இடம் மூன்றும் வரைபடத்திலேயே வந்தாக வேண்டும். கட்டி முடித்த பிறகு சேர்க்க முடியாதவை இவை.

சிங்கப்பூரின் வீடமைப்புச் சபை தன் கட்டடங்களின் நிலத்தளத்தைச் சுவரில்லாமல் வெறுமையாக விட்டது. சீனரின் மரணச் சடங்கும் மலாய்க்காரரின் கல்யாணமும் அதே தளத்தில் முறைவைத்து நடக்கின்றன. பகலில் கிழவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள். நமக்குச் சிங்கப்பூரைக் காட்டும்போது கண்ணாடிக் கோபுரத்தைக் காட்டுகிறார்கள், நான் கேட்பது அந்த வெறுந்தளத்தை.

இன்னொன்று, பராமரிப்புக் காசு. லிஃப்டின் மின்பட்டியலும், தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டாரின் பட்டியலும், மலக்குழி நிரம்பினால் வரும் கலி பவுசரின் செலவும் யாருக்கு? ‘குடியிருப்போர் சங்கத்துக்கு’ என்று பதில் வந்தால், மாதம் வீட்டுக்கு எவ்வளவு என்று ரூபாயில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கடற்கரையை அழகுபடுத்தும் திட்டத்தில் மீனவருக்கு என்ன இடம்?

திருக்கடலூரிலோ சல்லியிலோ மாலையில் கரையில் நின்று பார்த்தால் சமூக உட்கட்டமைப்பு என்பது கண்ணுக்கு நேரே கிடக்கும். வள்ளத்தை இழுத்து ஏற்றிய மணல், வலை விரித்துப் பொத்தும் நிழல், எஞ்சினைப் பூட்டிவைக்கும் வாடி, மீன் பிரிக்கும் இடம், கருவாடு காயும் பந்தல். உல்லாசப் பயணத்துக்கான வரைபடத்தில் இந்த இடம் முழுக்க ‘வெற்றுக் கடற்கரை’ என்று மஞ்சள் நிறத்தில் இருக்கும்.

கரைவலைக்குப் பாடு என்று எல்லை உண்டு. வலை வளைக்கும் கடலும் இழுக்கும் கரையும் சேர்ந்ததுதான் பாடு. கரையில் இரண்டு ஹோட்டல் கட்டடமோ கல்லடுக்கிய நடைபாதையோ குறுக்கே வந்தால், கடல் அப்படியே இருந்தும் பாடு போய்விடும். இதை ‘தொழில் பாதிப்பு இல்லை, மீனவரின் வீடுகள் எடுக்கப்படவில்லை’ என்று அறிக்கையில் எழுதிவிட முடியும்.

சுனாமிக்குப் பிறகு நடந்ததை மறந்துவிடக் கூடாது. வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள், தெற்கில் 100 மீற்றர். பிறகு தளர்த்தினார்கள். இடையில் கரையோரக் குடும்பங்கள் உள்நாட்டுப் பக்கம் போயின. 25 குதிரைவலு எஞ்சின் ஐம்பது கிலோ வரும். அதைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர ஓட்டோக் காசு கொடுத்தால் பிடித்த மீனில் மிச்சமில்லை. கரையில் விட்டால் களவு. ஆகவே வீடு தூரமானாலும் வாடி கரையில் இருந்தால் குடும்பம் தப்பும். வீடு கரையிலேயே கிடைத்து வாடி போனால் தப்பாது. எதை விட்டுக்கொடுப்பது என்ற நிலை வந்தால் இந்த வரிசையை நினைவில் வையுங்கள்.

திட்டக்காரர் ஆண்களின் கடற்றொழில் சங்கத்தை மட்டும் கூப்பிடுவார்கள். கருவாடு போடும் பெண்கள் எந்தச் சங்கத்திலும் இல்லாதவர்கள், அவர்களைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். அதுவும் வாடைக் காற்றுக் காலத்தில் கணக்கெடுப்பு நடத்தினால் கரை வெறிச்சோடித்தான் இருக்கும். ஒரு தடவையாவது தொழில் நடக்கும் மாதத்தில் வந்து எண்ண வேண்டும்.

பூங்கா, விளையாட்டுத் திடல்?

மக்கெய்சர் மைதானமும் ஏகாம்பரம் மைதானமும் நகருக்குப் போதும் என்பார்கள். போட்டிக்குப் போதும். ஆறு வயதுப் பிள்ளை வீதி கடக்காமல் நடந்து போகும் தூரத்தில் சின்னத் திடல் ஒன்றுதான் தேவை, அது வேறு. நிழல் முதலில். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் நிழலில்லாத இரும்புச் சறுக்கியில் மாலை ஐந்து மணிவரை யாரும் கை வைக்க முடியாது. வேம்பும் மருதும் இன்றைக்கு நட்டால் பத்து வருடத்தில் நிழல். ஆகவே இருக்கும் மரத்தை வெட்டாத வரைபடம்தான் மலிவான பூங்கா. மாரியில் திடல் குளமாகும் என்பதால் வடிகால் எங்கே இறங்குகிறது என்றும் பாருங்கள்.

மான்களையும் சேர்த்து யோசியுங்கள், பகிடிக்குச் சொல்லவில்லை. கோட்டைப் பக்கத்திலிருந்து பேருந்து நிலையம் வரை திரியும் புள்ளிமான்கள் குப்பையில் பொலித்தீன் தின்கின்றன. திறந்த வெளி குறையக் குறைய அவை இன்னும் வீதிக்கு வரும்.

இதற்கெல்லாம் காசு யார் தருவது?

காணியின் பெறுமதி கூடுகிறதே, அதிலிருந்து. அரச காணியைக் குத்தகைக்குக் கொடுக்கும்போதோ, ஐந்து மாடிக்கு அனுமதியுள்ள இடத்தில் பதினைந்து மாடிக்கு அனுமதி கொடுக்கும்போதோ, முதலீட்டாளருக்குக் கிடைக்கும் இலாபத்தில் ஒரு பங்கு ஊருக்கு வரவேண்டும்.

இங்கிலாந்தில் 1990 இன் திட்டமிடல் சட்டத்தின் 106 ஆம் பிரிவின் கீழ் அனுமதியோடு ஓர் உடன்படிக்கை எழுதப்படுகிறது. அதன் பலம் தொகையில் இல்லை, நிபந்தனையில் இருக்கிறது: இத்தனையாவது வீட்டில் ஆள் குடியேறுமுன் பாடசாலை திறந்திருக்க வேண்டும் என்று எழுதலாம். திறக்கவில்லையா, அதற்கு மேல் வீடு விற்க முடியாது. நிறுவனத்துக்கும் பாடசாலைக்கு அவசரம் பிடிக்கும். லண்டன் ஒலிம்பிக் கிராமத்தில் வீரர்களுக்கான மருத்துவ நிலையத்தைத் தொடக்கத்திலேயே பின்னால் வரும் குடியிருப்போருக்கானதாக வரைந்தார்கள். 2012 இல் போட்டி முடிந்து ஆட்கள் குடிவந்தபோது கட்டடம் தயார். அதே இங்கிலாந்தில் நிறுவனங்கள் ‘இலாபம் காணாது’ என்று கணக்குக் காட்டி வாக்குறுதியைக் குறைப்பதும் நடக்கிறது. ஆகவே உடன்படிக்கை மட்டும் போதாது, கணக்கும் வெளியில் வர வேண்டும்.

நம் நாட்டில் 1986 இன் நகர அபிவிருத்தி விதிகளிலேயே ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடும்போது, வீதி நீங்கலாக 10 வீதத்தைச் சமூக, பொழுதுபோக்குத் தேவைக்கு ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. ஒதுக்குகிறார்கள்தான். எந்த மூலையை? பெரும்பாலும் தண்ணீர் நிற்கும், விலைபோகாத மூலையை. 10 வீதம் எங்கே விழுகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பராமரிப்பிலும் நமக்கென்று ஒரு பழைய வழி உண்டு. 1984 முதல் 1989 வரை நடந்த பத்து இலட்சம் வீட்டுத் திட்டக் காலத்தில், கொழும்பின் குடிசைப் பகுதிகளில் வடிகால், கிணறு, நடைபாதை வேலைகளை அந்தந்தக் குடியிருப்பின் அபிவிருத்திச் சபைக்கே ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். இலாபம் ஊருக்குள் நின்றது, வேலை பழுதானால் யாரைப் பிடிப்பது என்றும் தெரிந்திருந்தது. ஆயிரம் கோடித் திட்டத்தின் நடுவிலும் முன்பள்ளி, திடல், வேலி போன்ற சின்ன வேலைகளை இப்படிக் கொடுக்கத் தடையில்லை.

எங்களுக்குக் காணி உறுதி இல்லை. நாங்கள் கணக்கில் வருவோமா?

வரவேண்டும். துறைமுக அதிகார சபைக் காணியிலும் வேறு அரச காணியிலும் தலைமுறையாக இருந்தும் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாத குடும்பங்கள் இங்கே நிறைய. காணி எடுத்தல் சட்டம் உரித்துள்ளவருக்கே இழப்பீடு பேசும். ஆனால் 2001 இல் அமைச்சரவை ஏற்ற தேசிய கட்டாய மீள்குடியேற்றக் கொள்கை, ஆவணம் இல்லாதவரையும் நியாயமாக நடத்த வேண்டும் என்கிறது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட குடும்பங்கள் பாதிக்கப்பட்டால் முழுமையான மீள்குடியேற்றத் திட்டம் எழுதவும் கேட்கிறது. கொள்கை சட்டமில்லை, அது உண்மை. சர்வதேச வங்கிகளின் கடன் வரும் திட்டம் என்றால் அவற்றின் நிபந்தனைகளும் கூடச் சேரும், அங்கே பிடி கொஞ்சம் இறுகும்.

100 குடும்பங்களுக்கு மேல் இடம்பெயர்த்தும் திட்டத்துக்குத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மதிப்பீடு தேவை. முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையாக இருந்தால் 30 நாட்கள் மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும். 95 குடும்பம், 90 குடும்பம் என்று திட்டத்தைத் துண்டு போட்டுக் கொண்டுவந்தால் சந்தேகப்படுங்கள்.

கையில் என்ன இருக்கிறதோ அதை இப்போதே சேர்த்து வையுங்கள்: பழைய மின்பட்டியல், வாக்காளர் இடாப்புப் பிரதி, பிள்ளைகளின் கிளினிக் அட்டை, கிராம உத்தியோகத்தரின் கடிதம்.

கடைகளையும் வீட்டுத் தொழில்களையும் திட்டத்தில் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம். நிலத்தளத்தில், சின்ன அளவில், பழைய கடைக்காரருக்கே முதலில்.

தூரத்தில் நல்ல வீடு தருகிறோம் என்றால்?

சென்னையின் கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் பற்றி விசாரியுங்கள். 2000க்குப் பிறகு நகரின் நடுவிலிருந்து ஆற்றோரக் குடும்பங்களை அங்கே கொண்டுபோனார்கள். முதலில் வீடு வந்தது. பேருந்து, பாடசாலை, மருத்துவமனை, வேலை எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக, போராடி. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பழைய இடத்துக்குப் போய்வரவே சம்பளத்தில் ஒரு பங்கு போனது. பிள்ளைகள் வருட நடுவில் படிப்பை விட்டார்கள்.

இங்கே தூரம் குறைவு என்று நினைக்கலாம். திருக்கடலூரிலிருந்து கன்னியாப் பக்கம் பத்துக் கிலோமீற்றருக்குள்தான். ஆனால் அதிகாலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவருக்குப் பேருந்து இல்லை. இரவு எட்டு மணிக்குக் கடை பூட்டி வரும் பெண்ணுக்கும் இல்லை. தூரத்தைக் கிலோமீற்றரில் அளக்காமல், அவரவர் வேலை நேரத்துப் பயணச் செலவில் அளந்து பாருங்கள்.

கலந்துரையாடலுக்குக் கூப்பிடுகிறார்கள். போனால் பிரயோசனம் உண்டா?

எப்போது கூப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வண்ணத்தாளில் முடிந்த படத்தைக் காட்டி ‘கருத்துச் சொல்லுங்கள்’ என்றால், உங்கள் ஒப்பம்தான் தேவை, கருத்து இல்லை. வருகைப் பதிவுத் தாளும் சம்மதத் தாளும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தே கையொப்பம் வையுங்கள். தமிழில் ஆவணம் இல்லாவிட்டால் கூட்டத்தை ஒத்திவைக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, சங்கடப்பட வேண்டாம். வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைத்தால் கூலிக்குப் போகிறவரும் கடலுக்குப் போகிறவரும் வரமாட்டார்கள், ஓய்வூதியக்காரர் மட்டும் வருவார்கள்.

போகுமுன் ஊரவர்களே ஒரு கைவரைபடம் கீறிக்கொள்ளுங்கள். சின்னப்பிள்ளைகள் எந்த ஒழுங்கையால் நடக்கிறார்கள், எந்த மரத்தடியில் பெண்கள் கூடுகிறார்கள், வெள்ளம் எங்கே நிற்கும், செத்தவீட்டுக் கூடாரம் எங்கே போடுவது. பொறியியலாளரின் வரைபடத்துக்கு மேல் அதை வைத்துக் காட்டினால் பேச்சு மாறும்.

திட்ட ஆவணங்களை எங்கே பார்ப்பது?

பிரதேச செயலகத்தில் தொடங்குங்கள். நகருக்கு என்றால் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபையின் மாவட்ட அலுவலகம், உள்ளூராட்சி மன்றம். தரமாட்டோம் என்றால் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ‘திட்டம் பற்றிய தகவல்’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். காணித் துண்டின் இலக்கம், குடும்ப எண்ணிக்கை, பாடசாலைக்கும் கிளினிக்குக்கும் ஒதுக்கிய பரப்பு, ஆளணி அனுமதிக் கடிதத்தின் பிரதி என்று ஒவ்வொன்றாக எழுதிக் கேளுங்கள். ஏற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டைத் திகதியோடு வாங்கிக்கொள்ளுங்கள்.